தன் நெஞ்சில் தட்டும் கை

கத்தோலிக்க சமயத்தைக் குற்றவுணர்வின் சமயம் என்று கூறுவோர் பலர். படித்தவர் கூடும் இடங்களில் இக்கூற்று ஏறத்தாழ ஒரு பழமொழியாகவே வழங்குகிறது. மழலை மாறாத பிள்ளையை முழந்தாளில் நிறுத்தி, 'நீ பாவி' என்று சொல்லிக்கொடுத்து, முள்முடியையும் ஆணியையும் குருதியையும் காட்டி அச்சுறுத்துவதே அச்சமயம் தரும் கல்வி என்பது அவர்கள் வாதம். அச்சமயத்தவருள்ளேயே இன்னொரு சாரார் உளர். பாவம், தண்டனை என்ற பேச்செல்லாம் பாட்டன் காலத்தவை. இனி அன்பைப் பற்றி மட்டும் பேசுவோம் என்பது அவர்கள் விருப்பம்.

இவ்விரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பது என் துணிபு. குற்றவுணர்வையும் அன்பையும் இரண்டு தட்டுகளில் வைத்து ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடலாம் என்று இருவருமே எண்ணுகின்றனர். கத்தோலிக்கரின் சின்னங்களைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அவ்வாறு பிரிக்க இயலாது என்பது விளங்கும். அவை அவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியவை. முடிச்சை அவிழ்த்தால் எஞ்சுவது ஒருபுறம் அச்சம். மறுபுறம் வெறும் இனிப்பு.

இதனைக் கல்லடியிலிருந்து எழுதுகிறேன். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல் என்று நீண்டு கிடக்கும் இம்மணற்கரையில் எந்தச் சமயத்தவரும் தம் சின்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாழ்தல் அரிது. கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில். உப்போடையில் விபுலானந்த அடிகளின் சமாதி. டச்பாரில் கத்தோலிக்கப் பறங்கியர் குடியிருப்பு. தெற்கே சிறிது தூரம் சென்றால் காத்தான்குடியின் பள்ளிவாசல்கள். அயலவர் வணங்குவதை அன்றாடம் காண்பவனுக்குத் தன் சமயத்தின் பொருளும் புதிதாய்த் தோன்றும். அந்த வசதியை வைத்துக்கொண்டே இப்பொருளை ஆராய முற்படுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'குற்றவுணர்வு' என்பது நம் மொழிக்குப் புதிய கூட்டுச்சொல். பழந்தமிழர்க்குப் பழி உண்டு, நாண் உண்டு, வடு உண்டு. இவற்றுட் பல ஊர்க் கண்ணின் முன்னே பிறப்பவை. ஊரார் அறிந்தால் பழி. அறிவாரோ என்று அஞ்சினால் நாண். ஆயினும், தன்னைத் தானே வழக்கில் நிறுத்திக்கொள்ளும் மனத்தை நம் இலக்கியம் அறியாதிருக்கவில்லை. சிலம்பின் பாண்டியனைக் காட்டிலும் அதற்குச் சான்று வேண்டா. உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததைக் கண்ட கணத்தில் அவன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டான். அமைச்சரைக் கேட்டானில்லை, பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டானில்லை. அரியணையிலிருந்தே வீழ்ந்து மாண்டான்.

மட்டக்களப்பாருக்கு இக்கதை ஏட்டில் மட்டும் உள்ளதன்று. வைகாசி பிறந்தால் கண்ணகையம்மன் கோயில்கள்தோறும் வழக்குரை காவியம் பாடப்படும். விபுலானந்தர் பிறந்த காரைதீவிலும் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். ஆண்டுதோறும் இவ்வழக்கைக் கேட்கும் மக்கள், அரசனே ஆயினும் குற்றம் உணர்ந்தவன் தப்ப வழியில்லை என்பதை நன்கு கற்றிருக்கின்றனர். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பாண்டியன் உண்மையை உணர்ந்தான். அதனை வாயாற் சொன்னான். அதன்பின் அவனுக்குப் போக்கிடம் இல்லை. அவன் சொன்னதைக் கேட்டு, 'எழுந்திரு' என்று கூற அவ்வவையில் ஒருவரும் இல்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையும் அத்தகையதே. குற்றத்துக்கு ஈடு உயிர் என்ற அறம் மிக உயர்ந்தது. ஆனால் குற்றம் செய்தவன் மறுநாட்காலை எழுந்து எவ்வாறு வாழ்வது என்பதை அது சொல்லவில்லை.

கத்தோலிக்கம் விடை கூற முயல்வது இந்த இடத்தில்தான். அதன் பழைய தமிழ்ச் சொல் ஒன்றை இளைய வாசகர் பலர் கேட்டிருக்கமாட்டார்கள்: பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் இறைவன் புகழைச் சேர்ந்து பாடுதல் என்றே வைணவர் முதலாயினோர் கொள்வர். பாவத்தோடு பாட்டுக்கு என்ன உறவு என்று நகைப்போரும் உண்டு. இலத்தீன் மொழியை நோக்கினால் நகை அடங்கும். கி.பி. 400 ஆண்டளவில் அகுஸ்தீனார் எழுதிய தன்வரலாற்று நூலின் தலைப்பாக அமைந்த சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு: குற்றத்தை அறிக்கையிடுதல், இறைவனைப் போற்றுதல். தன் குறையைச் சொல்லும் வாயே, அக்குறையைப் பொறுப்பவனின் பெருமையையும் சொல்கிறது. தமிழில் இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் பொருளை நன்குணர்ந்தே ஆக்கினார் என்று கொள்ளலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973இல் அச்சடங்கின் முறை திருத்தப்பட்டது. தமிழில் அதன் பெயரும் மாறி, 'ஒப்புரவு அருட்சாதனம்' ஆயிற்று. ஒப்புரவு வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்த சொல். உலகத்தோடு பொருந்தி, உள்ளதைப் பகிர்ந்து வாழும் கடப்பாட்டை அவர் அதனாற் குறித்தார். அச்சொல்லை மன்னிப்புக்கு இட்டபோது ஒரு நுட்பமும் உடன்வந்தது: மன்னிப்பென்பது ஒருவன் தன் உள்ளத்துக்குள் முடித்துக்கொள்ளும் தனி வாணிகமன்று, முறிந்த உறவு பொருந்துவது. பழைய சொல் வாயைக் குறித்தது. புதிய சொல் உறவைக் குறிக்கிறது. இரண்டும் வேண்டியவையே.

இனி, குற்றவுணர்வில் அன்புக்கு என்ன இடம் என்று பார்ப்போம். 1551இல் திரெந்துச் சங்கம் மனத்தாபத்தை இருவகையாகப் பிரித்தது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது ஒன்று. அன்பு செய்தவனை நோகச் செய்தோமே என்று வருந்துவது மற்றொன்று. முன்னதை அது தள்ளிவிடவில்லை. ஆனால் குறைவுடையது என்றது. பின்னதையே நிறைவுடையது என்றது. நம் பாட்டிமார் இரவுதோறும் ஓதிய 'உத்தம மனஸ்தாப மந்திர'த்தின் பெயர் இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்ததே. ஆகவே, கத்தோலிக்கம் அச்சத்தினாற் குற்றவுணர்வை வளர்க்கிறது என்போர் அச்சமயத்தின் சொந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அச்சத்தால் வரும் வருத்தத்துக்கு அது கொடுக்கும் மதிப்பெண் குறைவு.

இவ்வேறுபாட்டை நூலிற் படியாதவனும் அறியும்பொருட்டுச் சுவிசேஷம் இருவரை நம்முன் நிறுத்துகிறது: யூதாசும் பேதுருவும். இருவரும் ஒரே இரவில் ஒரே தலைவனைக் கைவிட்டவர்கள். இருவரும் குற்றத்தை உணர்ந்தார்கள். நடுநின்று பார்த்தால் யூதாசே ஒருபடி மேலே சென்றான் என்றுகூடச் சொல்லலாம். அவன் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய் வீசினான். இரத்தப்பழி செய்தேன் என்று குருமார் முன்னிலையில் ஒப்புக்கொண்டான். பேதுரு எதனையும் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே போய் அழுதான். ஆயினும் ஒருவன் மரத்தை நாடினான். மற்றவன் மீண்டும் கடற்கரைக்கு வந்தான். காரணம் என்ன? யூதாசு தன் குற்றத்தை மட்டுமே பார்த்தான். பேதுருவோ, சேவல் கூவிய வேளையில் தன்னைத் திரும்பிப் பார்த்த ஒரு முகத்தைக் கண்டான்.

அதன்பின் நடந்தது வாவிக்கரை மக்களுக்கு எளிதில் விளங்கும். விடியற்காலம், இரவெல்லாம் வலை வீசி மீன் படாத களைப்பு, கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். பேதுரு முன்பு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பருகில்தான் என்று யோவான் எழுதுகிறார். மும்முறை மறுதலித்தவனிடம் இங்கே மும்முறை கேட்கப்படுகிறது. 'ஏன் மறுதலித்தாய்?' என்பது கேள்வியன்று; 'என்னை நேசிக்கிறாயா?' என்பதே கேள்வி. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றான் என்கிறது சுவிசேஷம். அத்துயரே குற்றவுணர்வின் நிறைவான வடிவம் என்று நான் கொள்கிறேன். குற்றத்தை மறைக்கவுமில்லை, குற்றத்தால் அவனை நசுக்கவுமில்லை. அதே இடத்தில் ஆடுகளை மேய்க்கும் பணி அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. மேலைநாட்டுக் கோபுரங்களின் உச்சியிற் காற்றுக்குத் திரும்பும் சேவல் திருச்சபையின் முதல் தலைவர் செய்த துரோகத்தின் நினைவு. தன் முதல் தலைவன் தவறியவன் என்பதைக் கூரையிலேற்றிக் காட்டும் சமயத்துக்குக் குற்றத்தைக் கண்டு நடுங்க வேண்டிய தேவையில்லை.

நிற்க. சின்னங்களுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாக நோக்குவோம். கத்தோலிக்க இல்லங்களின் நடுச்சுவரிற் செந்நிற விளக்கோடு தொங்கும் திருஇருதயப் படத்தை அறியாதார் இலர். 1673 முதல் 1675 வரை பிரான்சு நாட்டுப் பாரே-லெ-மொனியல் என்னும் ஊரில் மார்கரீத் மரியாள் என்ற கன்னியாஸ்திரீ கண்ட காட்சிகளின்பின் இவ்வணக்கம் பரவியது. அவருக்குத் துணைநின்றவர் கொலொம்பியேர் என்ற இயேசு சபைக் குரு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கிழக்கிலங்கை பிரெஞ்சு இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இப்பக்தி இங்கு வேரூன்ற நல்ல வாய்ப்பு ஏற்பட்டது.

அப்படத்தில் உள்ளவை நான்கு: நெருப்பு, முள், காயம், சிலுவை. முள்ளும் காயமும் மனிதன் செய்தவை. அவை குற்றத்தின் கணக்கு. நெருப்பு அன்பின் கணக்கு. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. முள்ளை அகற்றி நெருப்பை மட்டும் வரைந்தால் அப்படம் பொய்யாகும். நெருப்பை அணைத்து முள்ளை மட்டும் வரைந்தால் கொடுமையாகும்.

இவ்விடத்தில் மட்டக்களப்பான் ஒருவனுக்குக் கண்ணகை நினைவு வாராதிருக்க முடியாது. அவளும் மார்பைப் பிளந்தவள். அங்கும் நெருப்பு எழுந்தது. நீதி மறுக்கப்பட்டவளின் நெஞ்சிலிருந்து கிளம்பிய தீ மாநகரை எரித்தது. அத்தீயின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அது ஏழைப் பெண்ணின் கண்ணீருக்கு வானம் சொன்ன விடை. அதன் பின்னரே இக்கரையினர் ஆண்டுதோறும் குளிர்த்தி பாடி அன்னையின் சினத்தைத் தணிக்கின்றனர். தாம் செய்யாத குற்றத்துக்காக, எங்கோ மதுரையில் நடந்த அநீதிக்காக, கீழைக்கரைக் குடிகள் வேப்பிலையும் நீரும் ஏந்தி நிற்பது எத்துணைப் பெரிய மனம்! திருஇருதயத்தின் முன் நிற்பவன் செய்வது வேறு. அங்கு நெஞ்சு திறந்தவனே நோகடிக்கப்பட்டவன். ஆனால் அவன் தீ ஊரை எரியாமல் தன்னுள்ளேயே எரிகிறது. அதனைத் தணிக்க வேண்டியதில்லை, அணுக வேண்டும். ஒரே ஊரில் ஒருவர் தீயைத் தணிக்கின்றார், மற்றவர் தீயை அணுகுகின்றார். இரண்டும் 'நம்மால் ஒரு நெஞ்சு புண்பட்டது' என்ற ஒரே அறிவிலிருந்து புறப்படுகின்றன.

விபுலானந்தரின் 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' இக்கரையிற் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. இறைவன் வேண்டுவது கொடியிற் பூத்த மலரை அன்று என்ற அதன் கருத்தைச் சின்னங்களுக்கு எதிரான சான்றாகச் சிலர் காட்டுவர். நான் அவ்வாறு கொள்ளவில்லை. உள்ளத்தைத் தாமரை என்று அவர் சொன்னபோது அவரும் ஒரு சின்னத்தைத்தான் ஆண்டார். அவர் விலக்கியது உள்ளம் சேராத மலரை, மலரையே அன்று.

எல்லாத் துயரும் குற்றத்தாலன்று என்பதையும் இச்சின்னங்கள் அறியும். இதனை நாம் மிகக் கொடிய முறையிற் கற்றோம். 2004 டிசம்பர் 26இல் கடல் கல்லடியையும் டச்பாரையும் நாவலடியையும் வாரிச் சென்றது. திருச்செந்தூர்க் கோயிற் கோபுரமும் சரிந்து நின்றது. அதன்பின் எல்லாச் சமயத்தவரிடையேயும் ஒரு பேச்சு எழுந்ததை நான் கேட்டேன்: 'ஊர் செய்த பாவத்துக்குக் கடல் தண்டித்தது' என்று. இதனைவிட இரக்கமற்ற சொல் வேறில்லை. அலையின் வேகத்திற் பிள்ளையின் கை நழுவிப்போன தாய் ஒருத்தியின் காதில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும்? கை நழுவியதற்காக வாழ்நாளெல்லாம் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டிருப்பவளிடம் மேலும் ஒரு பாவத்தைச் சுமத்துவது சமயமாகுமா?

அத்தகையவளுக்கெனக் கத்தோலிக்கம் வைத்திருக்கும் உருவம் பேதுருவன்று; வியாகுல மாதா. ஏழு வாள்கள் நெஞ்சில் ஊன்றிய தாய். அவள் எக்குற்றமும் செய்தவளல்லள். ஆயினும் அவள் நெஞ்சிலும் வாள். தவக்காலத்தில் நம் வடபுலக் கோயில்களிற் பாடிப் படிக்கப்படும் 'வியாகுலப் பிரசங்க'த்தைத் தந்தவர் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, வந்து இந்நாட்டில் உழைத்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். குற்றவாளிக்கு ஒரு கண்ணீர், குற்றமற்ற துயராளிக்கு வேறொரு கண்ணீர் என்று சிலுவையின் அடியிலேயே இரண்டு இடங்கள் உள்ளன. மதலேன் மரியாளும் மாதாவும் அருகருகே நிற்கும் அக்காட்சியைக் கவனித்துப் பார்த்தவன் எவனும் துயருற்றவளை நோக்கி, 'நீ என்ன பாவம் செய்தாய்?' என்று கேட்கமாட்டான். சின்னத்தைச் சரியாகக் கல்லாமையே அக்கேள்வியை எழுப்புகிறது.

சின்னம் மக்களைக் காத்த வரலாறும் நம்மிடம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார் யோசேப்பு வாஸ் அடிகளார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க இயலாது. கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரராய் வீடுவீடாகச் சென்றார். மாலையைக் கண்டு முகம் மாறியவர்களை அடையாளங்கண்டார். 2015 சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். மாந்தையிலிருந்து காட்டு வழியாக மடுவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மாதாவின் சுரூபம் 2008 ஏப்பிரலில் மீண்டும் ஒருமுறை போருக்கு அஞ்சித் தேவன்பிட்டிக்குப் பெயர்ந்ததையும் நம் கண்முன்னே கண்டோம். குடிகள் இடம்பெயர்ந்தால் தெய்வமும் உடன் இடம்பெயர்ந்தது. உடன்வருதலே அன்பின் முதல் இலக்கணம்.

ஆயின், அதே சின்னம் ஆணவத்தின் கொடியாகவும் மாறக்கூடும். இந்நாட்டின் சந்திதோறும் இரவோடிரவாக முளைக்கும் சிலைகளைப் பாருங்கள். எல்லாச் சமயத்தின் உருவங்களும் அவற்றுள் உண்டு. அவற்றிற் பல வணங்குவதற்கு வைத்தவையல்ல. 'இது எம் நிலம்' என்று அயலானுக்குச் சொல்ல நட்ட எல்லைக்கற்கள். செபமாலையைக் காட்டித் தன்னவரைத் தேடியவர் உயிரைப் பணயம் வைத்தார். சிலையைக் காட்டி அயலவரை விலக்குவோர் பணயம் வைப்பது பிறர் அமைதியை.

திருச்சபை தன் சின்னங்களுக்குத் தானே மாறு செய்த காலங்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 17ஆம் நூற்றாண்டிற் பிரான்சிற் பரவிய யான்செனியம் என்னும் கடுங்கோட்பாடு, தகுதியற்றவன் நற்கருணையை அணுகலாகாது என்று மக்களை எட்ட நிறுத்தியது. அந்நிழல் இரு நூற்றாண்டுகள் நீடித்தது. 1910இல் பத்தாம் பத்திநாதர், அறிவு தெளியும் ஏழாம் வயதளவிலேயே பிள்ளைகள் நன்மை வாங்கலாம் என்று விதித்தபோதுதான் அது பெரிதும் விலகியது. அதே 1910இல் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் இன்னொன்று நடந்தது. அங்குள்ள கோயில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவே சுவர்! கௌசானல் என்ற இயேசு சபைக் குரு அச்சுவரை இடிப்பித்தார். அக்கோயிலில் எத்தனை ஆயிரம் பேர் தம் சிறு பாவங்களையெல்லாம் எண்ணி எண்ணிச் சங்கீர்த்தனம் செய்திருப்பர்! அவர்களுள் எத்தனை பேர் அச்சுவரைப் பாவம் என்று எண்ணியிருப்பர்? 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை சாதி வேற்றுமையைக் கொடிய சமூகப் பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. சுவர் இடிந்து நூறாண்டு கடந்தபின்னும் அவ்வறிக்கை தேவைப்பட்டது.

பல நாடுகளிற் குருமார் சிலர் சிறுவர்க்கு இழைத்த தீங்கும், மேலோர் அதனை மூடி மறைத்ததும் நம் காலத்தில் வெளிவந்தன. மற்றவரைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அழைத்தவர்கள் தாம் அதனுள் நுழைய மறுத்த கதை அது. 2000 மார்ச்சு 12இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் வரலாற்றிற் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டி, பாடுபட்ட சுரூபத்தைத் தழுவிக்கொண்டார். முதுமையால் நடுங்கும் கைகளோடு சிலுவையைத் தழுவிய அக்கோலம் உரிய திசையில் வைத்த ஓர் அடி. அவ்வடியோடு நின்றுவிடாமல், தீங்கடைந்தவர்க்குச் செய்ய வேண்டிய ஈட்டைச் செய்வதும் ஒப்புரவின் பகுதி. அதுவன்றி மன்னிப்பு வேண்டுதல் சொல்லளவில் நின்றுவிடும்.

இப்பொழுது என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். பூசையின் தொடக்கத்திற் கத்தோலிக்கர் ஒரு செயலைச் செய்கின்றனர். கையை மடக்கித் தம் நெஞ்சிலே மும்முறை தட்டிக்கொள்கின்றனர். மிகச் சிறிய செயல். பழக்கத்தால் பலர் பொருளறியாமலே செய்வது. ஆயினும் அக்கை செல்லும் திசையைக் கவனியுங்கள். அது அயலான் நெஞ்சை நோக்கிச் செல்லவில்லை.

இந்நாட்டில், சிறப்பாக இவ்வாவிக்கரையில், நமக்கு இல்லாமற் போனது அந்தத் திசையே. 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் இரவு, கல்லடிக்கு அண்மையிலுள்ள காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் தமிழரின் பெயராற் போரிட்டவர்களாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் பெண்கள், குழந்தைகள் உட்படத் தமிழ் மக்கள் ஏறத்தாழ 180 பேர் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விரண்டுக்கும் இடையில், ஆகஸ்டு 15இல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் உடன்வந்த இளைஞரும் காணாமற் போயினர். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து கற்பித்த அம்மனிதர் இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1988 ஜூன் 6இல், புனித மரியாள் ஆலயத்துப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இவற்றை ஒவ்வொருவரும் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்று பாருங்கள். தமிழர் சத்துருக்கொண்டானைச் சொல்வர். காத்தான்குடி என்றால் குரல் தாழும். முஸ்லிம்கள் காத்தான்குடியைச் சொல்வர். தம்மவர் செய்ததைச் சொல்லும்போது அவர்களுக்கும் சொற்கள் குறையும். சிங்களவர் தம் இழப்பைச் சொல்வர். தம் படையினரைப் பற்றிக் கேட்டால் வேறு பேசுவர். எல்லாரும் நெஞ்சில் அடித்துக்கொண்டுதான் அழுகின்றோம். ஆனால் அது நம் இழப்புக்காக அடிப்பது. நம் பிழைக்காகத் தட்டுவது அன்று. இரண்டுக்கும் ஓசை ஒன்றுபோலக் கேட்கும், பொருள் வேறு.

2019 ஏப்பிரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்க ஆலயங்களில் குண்டுகள் வெடித்த அதே காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலய முற்றத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்கள் உட்பட ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். முன்கூட்டிக் கிடைத்த எச்சரிக்கையின்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. தொகையை அது விதிக்கலாம். நெஞ்சில் தட்டும் கையை அது விதிக்க முடியாது. அதனைச் செய்ய வேண்டியவர் தாமே செய்ய வேண்டும்.

கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபமொன்றின்மேல் அன்று குருதி தெறித்தது. அக்கறைகளைத் துடைத்துவிடாமல் அச்சுரூபத்தைப் பேணி வைத்திருக்கின்றனர். அதனைப் பழிவாங்கும் நினைவுச்சின்னமாகக் கொள்ளுதலும் கூடும். அவ்வாறு கொள்வோர் அதன் பொருளை அறியாதவர். உயிர்த்த கிறிஸ்துவின் உடலிலும் ஆணித்தழும்புகள் இருந்தன என்பது சுவிசேஷம். ஐயுற்ற தோமாவுக்கு அவர் காட்டியது அக்காயங்களையே. உயிர்ப்பு காயத்தை அழிக்கவில்லை. காயம் இருக்கவே, 'உங்களுக்குச் சமாதானம்' என்ற சொல் பிறந்தது. நடந்ததை மறந்துவிடுங்கள் என்போர்க்கும், மறக்கவே மாட்டோம் என்று பல்லைக் கடிப்போர்க்கும் அச்சுரூபம் ஒரே விடையைத் தருகிறது: தழும்பு இருக்கட்டும், கை நீளட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சமய பாடத்திற் பாவங்களின் பட்டியலை மனப்பாடம் செய்விப்பது எளிது; அன்பு, அன்பு என்று பாடச் செய்வது அதனினும் எளிது. இரண்டையும் சற்று நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஒரு படத்தின் முன்னோ சுரூபத்தின் முன்னோ அமரச் செய்து, 'இதில் என்ன காண்கிறாய்?' என்று கேளுங்கள். முள்ளைக் காணும் பிள்ளைக்கு நெருப்பையும், நெருப்பைக் காணும் பிள்ளைக்கு முள்ளையும் காட்டுங்கள். கண்ணகையின் கதையையும் அருகில் வைத்துச் சொல்லுங்கள். அயலானின் தொழுகையையும் சொல்லுங்கள். வாவியில் நிலவிரவில் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் காதை வைத்தால் மீன்பாடும் ஓசை கேட்கும் என்பர் நம் முன்னோர். மேற்பரப்பில் எத்துணை இரைச்சல் இருந்தாலும் அடியில் எழும் ஓசையைக் கேட்பதற்கு அவர்கள் ஒரு துடுப்பைக் கருவியாகக் கொண்டனர். சின்னமும் அத்தகைய கருவியே. அதன் வழியே தன் நெஞ்சைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை இக்கரையில் ஓர் அநீதி நடக்கும்போது, 'அவர்கள் என்ன செய்தார்கள்?' என்று கேட்பதற்குமுன், 'நாங்கள் என்ன செய்தோம்?' என்று கேட்பான். அவ்வாறு கேட்பவர் பத்துப்பேர் இருந்திருந்தால் 1990இல் நாம் எவ்வளவு வேறாக இருந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.